மோயாமோயா: சரியாகக் கண்டுபிடிப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் மகளுக்கு ஏழு வயதில் வலது கை அடிக்கடி துவள ஆரம்பித்தது. ஃபிட்ஸ் என்று சொல்லி பதினான்கு மாதம் மாத்திரை கொடுத்தோம். பிறகுதான் மூளைக்குப் போகும் இரத்தக் குழாய்கள் சுருங்கியிருப்பது தெரிந்தது. அன்றிலிருந்து யாராவது ஒருவர் எங்கள் நம்பரை வாங்கிக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஊர் வேறு, ஆள் வேறு, கேள்விகள் மட்டும் அநேகமாக ஒன்றேதான். அவற்றை அவர்கள் கேட்ட மாதிரியே எழுதிப் பதில் சேர்த்திருக்கிறேன். நான் டாக்டர் இல்லை. நோயை உறுதிசெய்யும் வரை நடக்கிற அலைச்சலைப் பற்றித்தான் இங்கே பேச்சு. சிகிச்சையைப் பற்றிக் கடைசியில் கொஞ்சம்.

மோயாமோயான்னா என்னங்க? பேரே வாயில நுழையலையே?

கழுத்தின் இரண்டு பக்கமும் மூளைக்கு இரத்தம் கொண்டுபோகிற பெரிய குழாய்க்கு கரோட்டிட் என்று பெயர். அது மண்டைக்குள் போய் இரண்டாகப் பிரியும் இடத்தில், வருடக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறுகுவதுதான் இந்த நோய். உள்ளே கொழுப்பு படிவதில்லை. குழாயின் உட்சுவரே தடித்து வழியை அடைக்கிறது. பெரிய வழி அடைபட்டதும் மூளை சும்மா இருப்பதில்லை. அடிப்பகுதியில் உள்ள நூல் போன்ற குழாய்களைப் பெருக்கி அவற்றின் வழியே இரத்தத்தை இழுத்துக்கொள்கிறது. வாய்க்கால் அடைத்தால் வரப்பில் கசிந்து ஓடுகிற தண்ணீர் மாதிரி.

அந்த நூல் குழாய்க் கூட்டம் ஆஞ்சியோகிராமில், அதாவது குழாய்க்குள் மருந்து செலுத்தி எடுக்கும் எக்ஸ்ரே படத்தில், ஊதிவிட்ட புகை போலத் தெரியும். ஜப்பானிய மொழியில் புகைமூட்டமாக, மங்கலாக இருப்பதை ‘மோயாமோயா’ என்பார்கள். 1957-ல் ஜப்பானில் தாகேயுச்சியும் ஷிமிஸுவும் முதலில் இதைப் பதிவு செய்தார்கள். 1969-ல் ஜிரோ சுசுகி, அகிரா தக்காகு என்ற இருவர் எழுதிய கட்டுரைக்குப் பிறகு இந்தப் பெயர் உலகம் முழுக்க நிலைத்துவிட்டது.

அது ஜப்பான்காரங்களுக்கு வர்ற வியாதிதானே? நம்ம ஊர்ல எப்படி வரும்?

ஜப்பான், கொரியா, சீனாவில் அதிகம் என்பது உண்மை. ஆனால் எல்லா நாட்டிலும் இருக்கிறது, இந்தியாவிலும் இருக்கிறது. ‘நம்ம ஊர்ல வராது’ என்ற எண்ணம்தான் கண்டுபிடிப்பதைத் தாமதமாக்குகிற முதல் காரணம் என்பது என் அபிப்பிராயம். பெண்களுக்கு ஆண்களைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு வருகிறது. பெரும்பாலும் இரண்டு வயதுக் கட்டங்களில் வெளியே தெரியும்: ஐந்திலிருந்து பத்து வயதுக்குள், அல்லது முப்பது நாற்பதுகளில்.

எதைப் பார்த்து சந்தேகப்படணும்?

குழந்தைகளுக்குப் பெரும்பாலும் இரத்தம் பற்றாத அறிகுறிகள் வரும். ஒரு கையோ காலோ திடீரென்று வலுவிழக்கும், வாய் கோணும், பேச்சு குழறும். சில நிமிடங்களில் சரியாகிவிடும். இன்றைக்கு இடது கை, அடுத்த மாதம் வலது கை என்று பக்கம் மாறினால் சந்தேகம் இன்னும் பலமாகிறது. காலையில் எழும்போதே தலைவலி, படிப்பில் பின்தங்குவது, சில குழந்தைகளுக்குக் கை கால் தானாக நெளிவது ஆகியவையும் உண்டு.

பெரியவர்களுக்கு இதே போன்ற பக்கவாதமும் வரலாம், மூளைக்குள் இரத்தக் கசிவும் வரலாம். இளம் வயதில் சர்க்கரை, கொதிப்பு, புகைப்பழக்கம் எதுவும் இல்லாமல் பக்கவாதம் வந்தால் ‘ஏன் வந்தது’ என்று கட்டாயம் கேளுங்கள். ‘ஸ்ட்ரோக்’ என்பது நடந்ததன் பெயர். அது காரணத்தைச் சொல்லாது.

பாப்பா அழுதா கை விழுந்துடுது, அழுகை நின்னா சரியாயிடுது. ஸ்கூல்ல மிஸ் நடிக்கிறான்னு சொல்றாங்க. நடிப்பா இருக்குமோ?

எனக்கு வருகிற கேள்விகளில் நெஞ்சைப் பிசைவது இதுதான். தயவுசெய்து நடிப்பு என்று விட்டுவிடாதீர்கள். அழும்போது குழந்தை வேகவேகமாக மூச்சு விடும். அதனால் இரத்தத்தில் கரியமில வாயு குறையும். அது குறைந்தால் மூளையின் இரத்தக் குழாய்கள் சுருங்கும். நம் எல்லோருக்கும் அப்படித்தான், நமக்குக் கையிருப்பு இருப்பதால் ஒன்றும் தெரிவதில்லை. மோயாமோயா உள்ள குழந்தைக்கு ஏற்கெனவே இழுத்துப் பிடித்துத்தான் இரத்தம் போகிறது. அதிலும் குறைந்தால் அந்தப் பகுதி வேலையை நிறுத்திவிடுகிறது.

அழுகை மட்டும் இல்லை. பலூன் ஊதுவது, புல்லாங்குழல் வாசிப்பது, ஓட்டப்பந்தயம் எல்லாமே காரணமாகலாம். ஜப்பானிய டாக்டர்கள் சூடான நூடுல்ஸை ஊதிச் சாப்பிடும்போது வருவதைக் குறித்து வைத்திருக்கிறார்கள். எங்கள் வீட்டில் அது சுடுகஞ்சி. ‘ஊதிக் குடி’ என்று சொன்னது நான்தான். டம்ளர் கைநழுவியதும் திட்டியதும் நான்தான். காய்ச்சல், வாந்தி பேதியால் உடம்பில் நீர் வற்றும் நாளிலும் வரும்.

ரெண்டு வருஷமா ஃபிட்ஸ் மாத்திரை சாப்பிடுறான். அப்ப அந்த டாக்டர் தப்பு பண்ணிட்டாரா?

உடனே அப்படி முடிவுகட்ட வேண்டாம். மோயாமோயா உள்ளவர்களுக்கு உண்மையான வலிப்பும் வரும். தவிர, இரத்தம் பற்றாதபோது கை கால் உதறுகிற ஒரு வகை உண்டு. பார்க்க வலிப்பு மாதிரியே இருக்கும். வெளிநோயாளிப் பிரிவில் ஐந்து நிமிடத்தில், நாம் திக்கித் திணறிச் சொல்வதை வைத்துப் பிரிப்பது சுலபமில்லை.

உதவுவது இரண்டு விஷயம். ஒன்று, வரும்போது செல்போனில் வீடியோ எடுங்கள். வலிப்பில் உடம்பு பொதுவாக விறைக்கும், வெட்டி இழுக்கும். மோயாமோயாவில் பெரும்பாலும் கை துவண்டு தொங்கும், நினைவு இருக்கும். இரண்டு, அதற்கு முந்தைய ஐந்து நிமிடம் என்ன நடந்தது என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். நான் எழுதிய நோட்டில் பதினோரு தடவையில் எட்டு தடவை அழுகையோ, ஓட்டமோ, ஊதலோ இருந்தது. அந்தப் பக்கத்தைப் பார்த்ததும்தான் புதிய டாக்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் வலிப்பு கூடிவிடும்.

இ.இ.ஜி. எடுக்கச் சொல்லியிருக்காங்க. எடுக்கலாம்ல?

எடுக்கலாம், ஆனால் ஒரு எச்சரிக்கை. மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்கிற இ.இ.ஜி.யில் வழக்கமாக மூன்று நிமிடம் வேகமாக மூச்சு விடச் சொல்வார்கள், குழந்தைகளிடம் காகிதக் காற்றாடியைக் கொடுத்து ஊதச் சொல்வார்கள். மேலே அழுகை பற்றிய பதிலைப் படித்திருந்தால் இதில் உள்ள ஆபத்து புரியும். மோயாமோயா சந்தேகம் இருந்தால் அந்தப் பகுதியைத் தவிர்க்கும்படி டாக்டரிடம் சீட்டிலேயே எழுதி வாங்குங்கள், டெக்னீஷியனிடம் வாயாலும் சொல்லுங்கள்.

ஒரு வினோதமும் உண்டு. சாதாரணக் குழந்தைக்கு வேக மூச்சின்போது எழுந்த மெதுவான அலைகள் மூச்சு சீரானதும் அடங்கிவிடும். மோயாமோயா குழந்தைக்கு அடங்கிய அலைகள் சிறிது நேரம் கழித்து மறுபடி எழும். இந்த நோய்க்கே உரிய தடயம் என்று டாக்டர்கள் சொல்கிறார்கள். அதற்காக வேண்டுமென்றே செய்து பார்க்கக் கூடாது. தெரியாமல் ஏற்கெனவே எடுத்திருந்தால் அந்தப் பழைய ரிப்போர்ட்டைத் தூக்கிப் போடாதீர்கள்.

சி.டி. ஸ்கேன் நார்மல். அப்புறம் என்ன பயம்?

சாதாரண சி.டி. மூளைச் சதையைக் காட்டும். இரத்தக் கசிவு இருந்தால் உடனே காட்டிவிடும். குழாய் குறுகியிருப்பதைக் காட்டாது. வந்து போகிற பலவீனத்தில் சதை இன்னும் சாகாததால் சி.டி. நார்மலாகத்தான் இருக்கும். வயல் பச்சையாக இருக்கிறதே என்று பார்த்துவிட்டு, வாய்க்காலைப் பார்க்காமல் திரும்பிய கதை.

எம்.ஆர்.ஐ.யே எடுத்தாச்சு. அதுலயும் ஒண்ணும் இல்லைன்னு வந்துச்சே?

எம்.ஆர்.ஐ. என்று எழுதினால் மூளையை மட்டும் எடுப்பார்கள். குழாய்களை எடுக்க எம்.ஆர்.ஏ. என்று தனியாக எழுத வேண்டும். அதே மெஷின், அதே படுக்கை, சில நிமிடங்கள் கூடுதல், மருந்து ஊசிகூடப் பெரும்பாலும் தேவையில்லை. அந்த ஒரு வரி சீட்டில் இல்லாததால் நாங்கள் ஒன்பது மாதம் இழந்தோம்.

இன்னொன்று: சாதாரண எம்.ஆர்.ஐ.யிலும் தடயம் இருக்கலாம். ஓடுகிற இரத்தம் படத்தில் கறுப்பாகத் தெரியும். இருக்க வேண்டிய பெரிய குழாயின் கறுப்புக் கோடு மெலிந்திருப்பதும், மூளையின் நடுவே சின்னச் சின்னக் கறுப்புப் புள்ளிகள் தெரிவதும் குறிப்புகள். ஃப்ளேர் என்ற படத்தில் மூளையின் மேற்பரப்பு ஓரமாகக் கொடி படர்ந்தாற்போல வெள்ளைக் கோடுகள் தெரிவதும் உண்டு. அதற்கு ஐவிக் கொடி அடையாளம் என்றே பெயர். தேடினால்தான் கண்ணில் படும். ஆகவே ஸ்கேன் சீட்டில் ‘தலைவலி’ என்று மட்டும் போகாமல், ‘அழும்போது வலது கை பலவீனம், திரும்பத் திரும்ப வருகிறது, குழாய் நோய் சந்தேகம்’ என்று எழுதித் தரச் சொல்லுங்கள். படம் பார்ப்பவருக்கு நம் குழந்தையைத் தெரியாது, அந்தச் சீட்டைத்தான் தெரியும்.

எம்.ஆர்.ஏ.ல மோயாமோயான்னு வந்துடுச்சு. பின்ன எதுக்கு தொடை வழியா ஒயர் விட்டு ஆஞ்சியோ? பணம் புடுங்கவா?

சந்தேகப்படுவது நியாயம்தான், எனக்கும் வந்தது. குழந்தைகளுக்கு நல்ல எம்.ஆர்.ஏ. படம் தெளிவாக இருந்தால் அதை வைத்தே நோயை உறுதிசெய்யலாம் என்று ஜப்பானிய வழிகாட்டுதல் சொல்கிறது. ஆனால் எம்.ஆர்.ஏ. சில நேரம் குறுகலை இருப்பதைவிட அதிகமாகக் காட்டிவிடும், சின்னக் குழாய்களை விட்டுவிடும்.

தொடை அல்லது மணிக்கட்டு வழியாகச் செய்யும் ஆஞ்சியோகிராமில் ஒவ்வொரு குழாயாக மருந்து செலுத்தி, இரத்தம் எந்த வழியில் எவ்வளவு தாமதமாக வருகிறது என்று ஓட்டமாகவே பார்க்கலாம். அறுவை சிகிச்சை திட்டமிடுகிறார்கள் என்றால் தலைத்தோலுக்குப் போகும் வெளிக் குழாயையும் பார்த்தே ஆக வேண்டும். ஏனென்றால் அதைத்தான் உள்ளே இணைக்கப் போகிறார்கள். மூளைக்கு ஏற்கெனவே உதவிக்கொண்டிருக்கும் கிளையைத் தெரியாமல் வெட்டிவிடவும் கூடாது. ஆபத்து குறைவு, ஆனால் இல்லாமல் இல்லை. ‘இந்தப் படம் வந்தபிறகு முடிவில் எது மாறும்?’ என்று கேளுங்கள். நல்ல டாக்டர் இதற்குக் கோபப்பட மாட்டார்.

ஸ்கேனுக்கு ராத்திரியிலேர்ந்து தண்ணிகூடக் குடுக்காதீங்கன்னு சொன்னாங்க. சரியா?

மயக்க மருந்து கொடுக்கும்போது வயிறு காலியாக இருக்க வேண்டும், அது உண்மை. ஆனால் இந்த நோயில் உடம்பு வறண்டால் பக்கவாதமே வரலாம். கடைசியாகத் தண்ணீர் எப்போது கொடுக்கலாம், டிரிப் எப்போது போடுவார்கள் என்று முன்கூட்டியே கேளுங்கள், காலையில் முதல் ஆளாக எடுக்கச் சொல்லுங்கள். ஊசி குத்தும்போது குழந்தை அலறாமல் பார்த்துக்கொள்வதும் மருத்துவம்தான். மரத்துப்போகும் களிம்பு கேட்டு வாங்கித் தடவலாம்.

ஒருத்தர் வேஸ்குலைட்டிஸ்ங்கறார், ஒருத்தர் கொழுப்பு அடைப்புங்கறார், ஒருத்தர் மோயாமோயாங்கறார். யாரை நம்புறது?

மூன்றிலும் குழாய் குறுகும், அதனால் குழப்பம் வருவது இயல்பு. சிகிச்சை மட்டும் வேறு வேறு. வேஸ்குலைட்டிஸ் என்கிற குழாய் அழற்சிக்கு ஸ்டீராய்டு கொடுப்பார்கள், மோயாமோயாவுக்கு அதனால் பலன் இல்லை. மாதக்கணக்கில் முகம் வீங்கி எலும்பு மெலிந்ததுதான் மிச்சம் என்று வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பிரிக்க வழி உண்டு. மோயாமோயா பெரும்பாலும் கரோட்டிட் பிரியும் அந்த ஒரே இடத்தைப் பிடிக்கும். அழற்சி பல இடங்களில் விட்டு விட்டு வரலாம், இரத்தத்தில் அழற்சியைக் காட்டுகிற இ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. அளவுகள் கூடலாம், முதுகுத்தண்டு நீரில் மாற்றம் இருக்கலாம். குழாய்ச் சுவரையே படமெடுக்கும் சிறப்பு எம்.ஆர்.ஐ. இப்போது இருக்கிறது. கொழுப்பு என்றால் சுவர் ஒரு பக்கமாகத் தடித்திருக்கும், அழற்சி என்றால் சுற்றிலும் தடித்து மருந்தை உறிஞ்சிப் பளிச்சென்று தெரியும், மோயாமோயா என்றால் குழாயின் வெளிவிட்டமே சூம்பியிருக்கும், பளிச்சிடுவது பொதுவாகக் குறைவு. நூற்றுக்கு நூறு இப்படி இராது, ஆனால் தராசு ஒரு பக்கம் சாயும்.

நம் நாட்டில் மறக்கக் கூடாத இன்னொன்று டி.பி. மூளைக்காய்ச்சல். அதுவும் மூளையின் அடிப்பகுதியில் இதே குழாய்களை நெருக்கும். நாள்பட்ட காய்ச்சல், எடை குறைதல், வீட்டில் யாருக்காவது டி.பி. இருந்தது என்றால் டாக்டர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.

ரிப்போர்ட்ல ‘மோயாமோயா சிண்ட்ரோம்’னு இருக்கு. நீங்க ‘நோய்’ங்கறீங்க. ரெண்டும் ஒண்ணா?

படத்தில் ஒன்று போலத்தான் இருக்கும். பின்னணியில் வேறு காரணம் இருந்தால் சிண்ட்ரோம் என்பார்கள்: டவுன் சிண்ட்ரோம், உடம்பில் காப்பி நிறத் திட்டுகள் வரும் நியூரோஃபைப்ரோமடோசிஸ், சிறுவயதில் தலைக்குக் கொடுத்த ரேடியேஷன், தைராய்டு அதிகமாகச் சுரப்பது, இரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள் போல வளைந்துபோகும் பரம்பரை நோயான அரிவாள் செல் சோகை. எதுவும் இல்லாவிட்டால் நோய். அதனால்தான் தைராய்டு, ஹீமோகுளோபின் வகைப் பரிசோதனை எல்லாம் எழுதுகிறார்கள். வீண் செலவு இல்லை. இந்தியாவில் அரிவாள் செல் முதன்முதலில் 1952-ல் கண்டறியப்பட்டதே நம் நீலகிரிப் பழங்குடி மக்களிடம்தான். அந்தப் பக்கத்துக் குடும்பங்கள் இந்தப் பரிசோதனையைக் கட்டாயம் கேட்டுச் செய்துகொள்ளுங்கள்.

ஒரு பக்கம் மட்டும்தான் சுருங்கியிருக்கு. ரெண்டு பக்கமும் இருந்தாத்தான் மோயாமோயான்னு படிச்சேனே?

பழைய விதி அப்படித்தான். 2021-ல் திருத்திய ஜப்பானிய விதிமுறையில் ஒரு பக்கம் மட்டும் இருந்தாலும் மோயாமோயா நோய் என்றே ஏற்கிறார்கள். ஆனால் ஒருபக்க நோயில் முந்தைய இரண்டு பதில்களில் சொன்ன மற்ற காரணங்களை இன்னும் கறாராக ஒதுக்க வேண்டும். சிலருக்கு வருடங்கள் கழித்து மறுபக்கமும் பிடிக்கும், குழந்தைகளுக்கு அந்த வாய்ப்பு கூடுதல். ஒருமுறை படம் எடுத்ததோடு முடிந்துவிடாது.

ஸ்டேஜ் 3-ன்னு போட்டிருக்கு. முத்திப்போச்சா?

இதைக் கேட்டு அழுதவர்கள் நிறைய. இது புற்றுநோய் ஸ்டேஜ் மாதிரி இல்லை. சுசுகி வகுத்த ஆறு படிகள், ஆஞ்சியோ படத்தில் தெரிவதை மட்டும் சொல்பவை. முதல் படியில் கரோட்டிட் முனை குறுகும், மூன்றில் புகை அடர்த்தியாக இருக்கும், அதற்கப்புறம் புகை குறைந்துகொண்டே போய் ஆறில் மறைந்துவிடும். அப்போது நோய் போய்விட்டது என்று அர்த்தமில்லை. உள் குழாய் முழுதாக அடைந்து, வெளிக் குழாய்களும் பின்கழுத்துக் குழாய்களுமே மூளையைக் காக்கின்றன என்று அர்த்தம். மூன்றாம் படியில் தவிப்பவரும் உண்டு, ஐந்தில் நன்றாக நடமாடுபவரும் உண்டு.

அந்த எண்ணைவிட முக்கியமானது மூளைக்கு இரத்தக் கையிருப்பு எவ்வளவு என்பது. அதை ஸ்பெக்ட் என்ற ஸ்கேனில், மூளைக் குழாய்களை விரிக்கிற டயமாக்ஸ் மருந்து கொடுப்பதற்கு முன்னும் பின்னும் எடுத்து ஒப்பிடுவார்கள். இரத்த ஓட்டத்தை அளக்கும் எம்.ஆர்.ஐ. பெர்ஃப்யூஷனும் உண்டு.

என் தங்கச்சிக்கு 38 வயசு. மூளையில ரத்தக் கசிவு. பி.பி.னு சொல்லி அனுப்பிட்டாங்க. விட்டுடலாமா?

கொதிப்பு இருந்தால் அது காரணமாக இருக்கலாம். ஆனால் அந்த வயதில், அதிலும் கசிவு மூளையின் நடு அறைகளுக்குள் இறங்கியிருந்தால், குழாய்ப் படம் எடுக்காமல் விடக் கூடாது. பாரம் தாங்கி நைந்த நூல் குழாய்கள் வெடிப்பதால் அப்படி வரும், மறுபடியும் வரும். ஜப்பானில் கசிவு வந்த 80 பேரை வைத்து நடத்தி 2014-ல் வெளியிட்ட ஆய்வில், தலைத்தோல் குழாயை மூளைக் குழாயோடு இணைக்கும் பைபாஸ் அறுவை சிகிச்சை செய்தவர்களுக்கு மறுகசிவு குறைந்தது. காரணம் தெரிந்தால் தடுக்க வழி இருக்கிறது என்பதற்காகச் சொல்கிறேன். கர்ப்பமாக இருந்தாலோ, கருத்தடை மாத்திரை எடுத்தாலோ அதையும் டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

ஜீன் டெஸ்ட் பண்ணினா ஒரே அடியா தெரிஞ்சிடாதா? தம்பிக்கும் ஸ்கேன் எடுக்கணுமா?

ஆர்.என்.எஃப்.213 என்ற ஜீனுக்கும் இந்த நோய்க்கும் உள்ள தொடர்பு 2011-ல் தெரிந்தது. கிழக்கு ஆசியாவில் பரவலாக உள்ள அந்த ஒரு மாற்றம் மற்ற இடங்களில் அரிது. அது இருந்தும் நோயே வராதவர்கள்தான் மிக அதிகம், இல்லாமலும் நோய் வருகிறது. ஆகவே டெஸ்ட் நெகடிவ் என்றால் நோய் இல்லை என்று ஆகாது. நோயைக் குழாய்ப் படம்தான் சொல்லும்.

ஜப்பானில் நூற்றில் பத்துப் பதினைந்து நோயாளிகளுக்குக் குடும்பத்தில் இன்னொருவருக்கும் இருக்கிறது. கூடப் பிறந்தவர்களுக்கு அடிக்கடி தலைவலி, கை கால் மரத்துப்போவது என்று ஏதாவது இருந்தால் எம்.ஆர்.ஏ. எடுத்துவிடுங்கள். ஒன்றுமே இல்லாதவர்களுக்கு டாக்டருடன் பேசி முடிவெடுக்கலாம். எங்கள் வீட்டில் சின்னவனுக்கு எடுத்தோம், நார்மல்.

வேற டாக்டர்கிட்ட காட்டினா இவர் கோவிச்சுக்குவாரோ? எங்க போறது, என்ன எடுத்துட்டுப் போறது?

‘அறுவை சிகிச்சை என்று வந்தால் ஒரு முறை பெரிய சென்டரில் கேட்டுவிடலாம் என்று வீட்டில் பெரியவர்கள் சொல்கிறார்கள்’ என்று சொல்லுங்கள். பெரியவர்கள் மேல் பழியைப் போடுவது நம் ஊரில் எப்போதும் செல்லுபடியாகும். வேலூர் சி.எம்.சி., பெங்களூரு நிம்ஹான்ஸ், திருவனந்தபுரம் ஸ்ரீசித்ரா, சென்னை அரசு பொது மருத்துவமனை போன்ற இடங்களில் நரம்பியல், நரம்பு அறுவை சிகிச்சை இரண்டு துறையும் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. எங்கே போனாலும் கேட்க வேண்டியது, மோயாமோயா நோயாளிகளை அங்கே வழக்கமாகப் பார்க்கிறார்களா என்பது. காப்பீட்டு அட்டை இருந்தால் ஸ்கேனுக்கு முன்பே அந்தக் கவுன்ட்டரில் விசாரித்துவிடுங்கள்.

கையில் கொண்டுபோக வேண்டியது ரிப்போர்ட் காகிதம் மட்டும் இல்லை, படங்கள் உள்ள குறுந்தகடு அல்லது பென்டிரைவ். ரிப்போர்ட் என்பது ஒருவர் பார்த்து எழுதியது. படம் இருந்தால் இன்னொருவர் தானே பார்க்கலாம். எங்கள் பழைய எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்டில் ‘நார்மல்’ என்றுதான் இருந்தது. அதே குறுந்தகட்டைப் போட்டுப் பார்த்த இரண்டாவது டாக்டர் அந்தக் கறுப்புப் புள்ளிகளை விரலால் தொட்டுக் காட்டினார். அதோடு வீடியோ, நோட்டு, மாத்திரைப் பட்டியல்.

மோயாமோயாதான்னு உறுதியாயிடுச்சு. இதயத்துக்கு வைக்கிற மாதிரி ஸ்டென்ட் வெச்சுடலாமே?

இங்கே குழாய் சுவரோடு சேர்ந்து சுருங்கிக்கொண்டே வரும் நோய் என்பதால், பலூனும் ஸ்டென்ட்டும் நிலைப்பதில்லை. மருந்தால் குறுகலைத் திறக்கவும் முடியாது. தலைத்தோல் குழாயை மூளையின் மேல் உள்ள குழாயோடு நேராகத் தைப்பது, அல்லது மூளையின் மேல் படியவைத்துப் புதுக்கிளைகள் முளைக்க விடுவது என்ற இரண்டு வழிகள்தான் பெரும்பாலும். குழந்தைகளுக்கு இரண்டாவது வழி நன்றாகப் பலன் தரும், ஆனால் கிளை முளைக்க மாதங்கள் ஆகும்.

ஆபரேஷனுக்குத் தேதி குடுத்திருக்காங்க. அதுவரைக்கும் திரும்ப கை விழுந்தா வீட்ல ஆஸ்பிரின் குடுக்கலாமா?

டாக்டர் தினமும் எழுதிக் கொடுத்திருந்தால் அதைத் தவறாமல் கொடுங்கள். பலவீனம் வந்த நேரத்தில் நீங்களாகக் கூடுதலாக ஒன்றும் கொடுக்க வேண்டாம். அது அடைப்பா கசிவா என்று வீட்டில் தெரியாது. படுக்க வையுங்கள், அழ விடாமல் மெதுவாக மூச்சு விடச் சொல்லுங்கள், மணியைப் பாருங்கள், 108-ஐக் கூப்பிடுங்கள். ‘போன தடவை தானா சரியாச்சே’ என்று காத்திருக்க வேண்டாம். கொதிப்பு மாத்திரை கொடுத்து இரத்த அழுத்தத்தைச் சட்டென்று இறக்குவதும் இந்த நோயில் ஆபத்து. அதனால் ‘மோயாமோயா நோயாளி’ என்று ஒரு சீட்டில் எழுதி பள்ளிப் பையில் ஒன்று, வண்டி டேங்க் கவரில் ஒன்று, பாட்டி வீட்டில் ஒன்று வைத்திருக்கிறோம். பள்ளியில் இருப்பதை மிஸ்ஸே கேட்டு வாங்கித் தன் மேஜைக்குள் ஒட்டிவைத்திருக்கிறார்.